மகள் வெள்ளை உடுத்தியிருந்தாள்: திருவண்ணாமலையில் ஒன்றரை நாள்

போன பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை திருவண்ணாமலைக்குக் கிளம்பினேன். பௌர்ணமி இல்லை, தீபம் இல்லை, வேண்டுதலும் இல்லை. என் மகள் பவித்ரா எட்டு மாதமாக அங்கே செங்கம் ரோடு பக்கம் அறை எடுத்துத் தங்கி, சென்னைக் கம்பெனி வேலையை லேப்டாப்பிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை சாயங்காலம் போன் செய்தாள். "அம்மா, நாளைக்கு வர்றியா? ஒரு விஷயம் பேசணும். போன்ல சொல்ல முடியாது."

இருபத்தொன்பது வயதுப் பெண் இப்படிச் சொன்னால் பெற்றவள் என்ன நினைப்பாள்? காதல்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். நான் ஒன்றும் பழைய பஞ்சாங்கம் இல்லை. வேறு சாதியா, சரி. வேறு மதமா, கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி. அந்தப் பக்கம் வெள்ளைக்காரர்கள் ஜாஸ்தி, அப்படி ஒருத்தன் என்றால் சாம்பார் சாப்பிடுவானா என்று மட்டும் கேட்கலாம். ராத்திரி படுக்கும்போதே எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்து வைத்துவிட்டேன். நடந்ததற்கு மட்டும் பதில் தயாராக இல்லை.

முதல் முறையாக இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. காட்பாடியில் இருக்கிறேன். அரசுப் பள்ளியில் முப்பது வருடம் வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவள். கணவர் காலமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. ஒரே மகள். மாதம் ஒரு ஊர் சுற்றுவேன், வந்து நேரத்தோடும் செலவோடும் எழுதுவேன். என் எழுத்தில் பக்தி கம்மி, பஸ் டைம் ஜாஸ்தி என்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். உண்மைதான்.

வேலூர் பஸ் ஸ்டாண்டில் காலை 6.40 பஸ். கணியம்பாடி, கண்ணமங்கலம், போளூர் வழி. ஏறத்தாழ 85 கிலோமீட்டர், டிக்கெட் 75 ரூபாய், இரண்டரை மணி நேரம். இடம் கிடைக்காமல் நின்றால் கவலை வேண்டாம், போளூரில் பாதி பேர் இறங்கிவிடுவார்கள். மீதிப் பேர் ஃபைலும் கையுமாக வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு இறங்குவார்கள். போளூர் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே மலை தெரிய ஆரம்பிக்கும். கண்டக்டர் கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

9.10க்கு இறங்கினேன். ஆட்டோக்காரர் செங்கம் ரோட்டுக்கு நூற்றைம்பது கேட்டார். மூன்று கிலோமீட்டருக்கு என்ன நூற்றைம்பது என்று நான் பேசியதும் நூறுக்கு வந்தார். தெருவைச் சொன்னதும் கேட்டார்.

"அந்த வூடாமா? ரெண்டு காவி கட்ன மாதாஜிங்க, ஒரு மொட்டைப் பாப்பா இருக்குதே, அதுவா?"

"இல்லப்பா. என் பொண்ணுக்கு இடுப்பு வரைக்கும் முடி. நீ வேற வீட்டைச் சொல்ற."

"நான் தெனமும் அந்தப் பக்கம்தான்மா ஓட்டறேன். அந்தத் தெருவுல ஓட்டு வூடு அது ஒண்ணுதான்."

அறை எடுத்திருப்பதாகத்தான் அவள் சொல்லியிருந்தாள். ஓட்டு வீடு என்று சொன்னதில்லையே என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். வாசலில் முருங்கை மரம், அதன் அடியில் ஒருத்தி குனிந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளைப் பாவாடை, வெள்ளைச் சட்டை, மழித்த தலை. நிமிர்ந்தாள். என் மகள்.

கையில் இருந்த பை நழுவிக் கீழே விழுந்தது. வாயில் வந்த முதல் கேள்வி இதுதான்: "எந்தக் கோயிலுக்குடி வேண்டிக்கிட்ட?" அடுத்த நொடி வேறொன்று தோன்றியது. இந்தக் காலத்தில் தலைமுடி போவது சாமிக்கு மட்டும் இல்லையே. "உடம்புக்கு என்ன? எந்த ஆஸ்பத்திரி? எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டேன்.

"அம்மா, எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்கேன். உள்ள வா."

நல்லா இருக்கிறாளாம்! நன்றாக இருக்கிறவள் ஏன் இந்தக் கோலத்தில் நிற்க வேண்டும்?

அவளுடைய மழித்த தலையைக்கூட விட்டுவிடுவேன். அந்த வெள்ளைதான் என்னைக் குத்தியது. என் கணவரின் பதினாறாம் நாள் காரியத்தில் நாத்தனார்கள் தட்டில் வெள்ளைப் புடவை கொண்டுவந்து வைத்தார்கள். தொடமாட்டேன் என்றேன். பொட்டை அழிக்க வந்த கையைத் தட்டிவிட்டேன். பெரிய சண்டை. அன்றைக்குச் சொந்தத்தில் பாதிப் பேர் எழுந்து போனார்கள், இன்று வரை வரவில்லை. அன்று முதல் இன்று வரை கலர் புடவை, பூ, பொட்டு எதையும் நான் விட்டதில்லை. அப்படிப்பட்டவள் பெற்ற பெண், கல்யாணம்கூட ஆகாதவள், யாரும் சொல்லாமல் தானே வெள்ளையை எடுத்து உடுத்தியிருக்கிறாள். கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

உள்ளே காவி உடுத்திய இரண்டு பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். இலங்கையிலிருந்து வந்த பௌத்தத் துறவிகள். புத்தகயாவுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் இங்கே இரண்டு வாரம் தங்கியிருக்கிறார்கள். பெரியவருக்கு அறுபது இருக்கும். கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு அருகே வளர்ந்ததால் தமிழ் பேசுகிறார். சின்னவருக்குச் சிங்களம் மட்டும்தான். துணையில்லாமல் பெண் துறவி பயணம் போகக் கூடாது என்பது அவர்கள் விதியாம். போன வருடமும் வந்தார்களாம். அப்போது ஆரம்பித்ததுதான் பவித்ராவின் பழக்கம். இந்த முறை அவர்களுக்கு இந்த வீட்டை எடுத்துக்கொடுத்துத் தானும் அறையைக் காலி செய்துகொண்டு வந்துவிட்டாள்.

"மாணியோ, எங்க அம்மா" என்று பவித்ரா என்னை அறிமுகம் செய்தாள்.

பெண் துறவியைச் சிங்களத்தில் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அர்த்தம் என்ன என்று கேட்டேன். அம்மா என்று அர்த்தமாம். எனக்கு எங்கே எரிந்தது என்று சொல்லத் தேவையில்லை. பெற்றவள் இங்கே குத்துக்கல்லாட்டம் நிற்கிறேன், இவள் இன்னொருத்தியை அம்மா என்கிறாள்.

அவர்கள் மத்தியானம் பன்னிரண்டுக்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், அப்புறம் மறுநாள் காலை வரை சோறு கிடையாது. அதனால் பதினொன்றுக்கே இலை போட்டார்கள். நான் மகளுக்குப் பிடிக்குமே என்று நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு செய்து எடுத்துப் போயிருந்தேன். காவித் துணிக்கு முன்னால் டப்பாவைத் திறந்தபோது வாசனை வீட்டையே தூக்கியது. அவமானத்தில் மூடப் போனேன். பெரியவர் சிரித்தார்.

"மூடாதீங்க. எங்களுக்காகக் கொல்லாததா இருந்தா, போட்டதைச் சாப்பிடலாம். ஆனா நாங்களா எடுக்க முடியாது தானே. நீங்க கையால குடுக்கணும்."

கண்ணெதிரே இருக்கிற சோற்றைக்கூடத் தானாக எடுத்துக்கொள்ளக் கூடாதாம். யாராவது எடுத்துக் கையில் கொடுத்தால்தான் உண்டு. இருவருக்கும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இருவரும் தொக்கைச் சாப்பிட்டார்கள். என் மகள் தொடவில்லை! அவள் மரக்கறிக்கு மாறி ஆறு மாதமாம். அதையும் அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னாள்.

சாப்பாடு முடிந்ததும் நேராகவே கேட்டேன். "எதுக்கு இந்த வேஷம்?"

"வேஷம் இல்லம்மா. மத்தியானத்துக்கு மேல சாப்பிடக் கூடாதுங்கிற மாதிரி எட்டு விதி எடுத்திருக்கேன், அதுக்கு வெள்ளை. அடுத்த மாசம் மாணியோகூட இலங்கைக்குப் போய்த் துறவு வாங்கிக்கலாம்னு இருக்கேன். முதல்ல சின்னத் துறவு. ரெண்டு வருஷப் பயிற்சிக்கு அப்புறம் முழுத் துறவு."

நான் பேச வாயெடுப்பதற்குள் பெரியவர் என்னைப் பார்த்து, "நீங்க சரித்திர டீச்சர்னு மகள் சொன்னா. சங்கமித்தையைப் பத்திச் சொல்லிக் குடுத்திருப்பீங்க" என்றார்.

ஏன், சொல்லிக் கொடுக்காமலா? இரண்டு மதிப்பெண் வினா. அசோகர் இலங்கைக்கு அனுப்பியது யாரை? மகன் மகேந்திரனை, மகள் சங்கமித்தையை. போதிமரக் கன்றோடு போனாள் என்பதையும் சேர்த்து எழுதினால் முழு மதிப்பெண். முப்பது வருடம் சிவப்பு மையில் டிக் போட்டவள் நான். கடகடவென்று ஒப்பித்தேன்.

"கன்று கொண்டு போக ஒரு தோட்டக்காரர் போதும் தானே, டீச்சர்?" என்றார் அந்த அம்மா. "ராஜா மகள் எதுக்கு?"

முப்பது வருடத்தில் ஒரு பிள்ளைகூட இதைக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

அவர் சொன்னார். அண்ணன் முதலில் போய்ப் போதித்தான். அந்த ஊர் அரச குடும்பத்துப் பெண் அனுலா தனக்கும் துறவு வேண்டும் என்றாள். அவளோடு கூட்டமாக மற்றப் பெண்களும் கேட்டார்கள். அண்ணன் கைவிரித்துவிட்டான். பெண்ணுக்குத் துறவு கொடுக்க ஆண் துறவிகள் மட்டும் போதாது, பெண் துறவிகள் வேண்டும் என்பது விதி. என் தங்கையைக் கூப்பிடுங்கள் என்று ஆள் அனுப்பினான். கேட்ட பெண்கள் விதிகளை ஏற்றுக்கொண்டு தனி வீட்டில் காத்திருந்தார்கள். அப்பனுக்கு மகளை விட மனமில்லை. மகனும் போய், பேரனும் போய், நீயும் போனால் நான் என்ன செய்வேன் என்று தவித்தாராம். அவள் கடல் ஏறிவிட்டாள். மரக்கன்று கூடப் போனது. அவள் போனது அந்தப் பெண்களுக்காக. திரும்பி வரவே இல்லை, அங்கேயே காலமானாள்.

கதை அதோடு நிற்கவில்லை. சில நூறு வருடம் கழித்து இலங்கைப் பெண் துறவிகள் சிலர் வணிகக் கப்பலில் ஏறிச் சீனாவுக்குப் போனார்கள். அங்கே பெண்கள் துறவு வாங்கியிருந்தாலும், பெண் துறவிகளின் சபை இல்லாமல் வாங்கியது செல்லுமா என்ற சந்தேகம் அவர்களை அரித்துக்கொண்டிருந்தது. போனவர்களை எண்ணிப் பார்த்தால் பத்துப் பேர் தேறவில்லை. பத்துப் பேர் இல்லையென்றால் செல்லாது. எங்கள் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்குக் கோரம் இல்லை என்று ஒத்திவைப்போமே, அது போல. நாங்கள் அடுத்த வாரத்துக்கு ஒத்திவைப்போம். அவர்கள் அந்நிய ஊரில், அந்த மொழியைப் படித்துக்கொண்டு, வருடக் கணக்கில் காத்திருந்தார்கள். அதே கப்பல்காரர் மறுபடி போய் இன்னும் சில பெண்களை ஏற்றிக்கொண்டு வந்தார். எண்ணிக்கை நிறைந்தது. சீனப் பெண்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாக வந்து முறைப்படி துறவு வாங்கினார்கள்.

"அப்புறம் எங்க ஊருல போர், பஞ்சம். பெண் துறவிங்க வரிசையே அறுந்து போச்சு. துறவு குடுக்க ஒருத்தர் மிச்சம் இல்ல. நாங்க குடுத்த இடத்துல மட்டும் அணையாம இருந்திச்சு. எங்க காலத்துலதான் அங்க இருந்து திரும்ப வாங்கினோம். இப்பவும் எங்களைத் துறவினு ஒத்துக்காத பிக்குகள் நிறையப் பேர் இருக்காங்க."

கொடுத்த வீட்டில் அணைந்து, வாங்கிய வீட்டில் எரிந்த விளக்கு. இதில் ஒரு வரிகூட நான் வகுப்பில் சொன்னதில்லை. எத்தனை பெண் பிள்ளைகள் என் முன்னால் உட்கார்ந்து எழுந்து போனார்கள்! எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் வரலாறு வேறு, வயிற்றில் பிறந்தது வேறு. ஊரான் மகள் கடல் தாண்டினால் பாடம் நடத்தலாம். என் மகள் தாண்டினால்?

கடைசியாக அவர் சொன்னதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய அதிர்ச்சி. "பெத்தவங்க அனுமதி இல்லாம நாங்க துறவு குடுக்க முடியாது. அப்பா இல்ல, நீங்கதான் இருக்கீங்க. நீங்க வேணாம்னா, வேணாம்தான்."

பவித்ரா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னை ஒரு ஆளாக மதித்து யாரும் எதற்கும் என் அனுமதியைக் கேட்டதில்லை. என் கல்யாணத்துக்கு என்னைக் கேட்கவில்லை. கணவர் காட்பாடியில் வீடு வாங்கியதே ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போடும்போதுதான் எனக்குத் தெரியும். இவர்கள் கடல் தாண்டி வந்து, கருவாட்டுத் தொக்கு சாப்பிட்டுவிட்டு, முடிவை என் கையில் கொடுக்கிறார்கள்.

"முடியாது" என்றேன். பட்டென்று சொல்லிவிட்டேன்.

"சரிம்மா" என்றாள் பவித்ரா. இலைகளை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டாள். கத்தியிருக்கலாம், நான் மேஜரானவள் என்று சட்டம் பேசியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபம்! பதிலுக்குக் கத்தி, அழுது, பெத்த மனம் பித்து பிள்ளை மனம் கல்லு என்று நாலு பேரிடம் புலம்பியிருப்பேன். அவள் சரி என்றதால் எனக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று.

எதிர்த் தெருவில் ஒரு தங்கும் விடுதியில் 900 ரூபாய்க்கு அறை எடுத்தேன். வெந்நீர் காலை ஐந்து முதல் எட்டு வரை மட்டும். ஜன்னலைத் திறந்து வைத்தால் குரங்கு உள்ளே வந்துவிடும், என் வாழைப்பழம் போயிற்று. சாயங்காலம் வரை கட்டிலில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கோயிலுக்குக்கூடப் போகவில்லை. ஆகவே கோயிலைப் பற்றி இந்தப் பதிவில் எதுவும் எதிர்பார்க்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை விடிகாலை ஐந்துக்குக் கதவு தட்டும் சத்தம். பவித்ரா. "கிரிவலம் போலாமாம்மா? வெயில் வர்றதுக்குள்ள வந்துடலாம்." போகிற வீட்டுக்குப் புத்தர், நடக்கிறதுக்கு அண்ணாமலையாரா என்று கேட்டேன். "நடக்கிறதுக்கு யாரா இருந்தா என்னம்மா" என்றாள்.

மொத்தம் பதினான்கு கிலோமீட்டர். செருப்பில்லாமல் நடந்தோம். பௌர்ணமி இல்லாத நாளில் ரோடு காலியாக இருக்கும், விடிகாலையில் தார் ரோடு ஜில்லென்று இருக்கும். எம லிங்கம் தாண்டி வலப்பக்கம் திரும்பினால் மரங்கள். சாமியார்கள் அப்போதுதான் போர்வையை மடித்துக்கொண்டிருந்தார்கள். நிருதி லிங்கம் பக்கத்தில் பத்து ரூபாய் டீ, நன்றாக இருந்தது. டீக்கடைக்காரர் என் மகள் தலையைப் பார்த்து, "திருப்பதியாமா?" என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையை ஆட்ட, "அப்ப மேல்மலையனூரு" என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டேன். "எவனாவது ஏமாத்திட்டானாடி?"

"இல்லம்மா."

"வேலையில பிரச்சினையா?"

"இல்லம்மா. நீ மாசா மாசம் பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்புறியே, எதுக்குனு கேட்டா என்ன சொல்லுவ?"

"போகணும்னு தோணுது, போறேன்."

"அதான்மா."

நான் சாயங்காலம் திரும்பி வந்துவிடுகிறேனே என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் அழுதுவிடுவேன் என்று வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

அடி அண்ணாமலை பக்கத்தில் ஒரு பூக்கார அம்மா கூடையோடு உட்கார்ந்திருந்தார். மல்லி முழம் முப்பது ரூபாய். இரண்டு முழம் வாங்கி நான் வைத்துக்கொண்டேன். இன்னொரு முழம் அளந்தவர், என் பின்னால் வந்த பவித்ராவைப் பார்த்ததும் பூவைக் கூடையிலேயே போட்டுவிட்டார்.

"அய்யோ பாவமே! இன்னா வயசுமா ஆவுது இதுக்கு? எத்தினி நாள் ஆச்சு?"

"எது எத்தினி நாள்?"

"மாப்ள தவறி."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் அவர் கோபத்தோடு என்னைப் பிடித்துக்கொண்டார். "பெத்த பொண்ணு வெள்ளை கட்டி மொட்டையா நிக்குது. நீ தலை கொள்ளாம பூ வெச்சிக்கினு வர்றியே, நல்லாவாமா இருக்குது?"

நடுரோட்டில் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஏம்மா, அவளுக்குக் கல்யாணமே ஆகல. புருஷன் போனது எனக்கு!"

பூக்காரம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். என் தலையைப் பார்த்தார், அவள் தலையைப் பார்த்தார். "இன்னாமா சொல்ற! அப்ப இன்னாத்துக்கு ரெண்டு பேரும் மாத்திக் கட்டிக்கினு வந்துகிறீங்க?"

பவித்ரா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்துப் பல வருடம் ஆயிற்று. எனக்கும் சிரிப்பு வந்தது, அதோடு கண்ணீரும் வந்தது. பூக்காரம்மா சிரிக்கவில்லை. அக்கறையாகக் கேட்டார்.

"உனுக்கு வூட்ல யாரும் ஒண்ணும் சொல்லலியாமா, பூ வெச்சிக்கினதுக்கு?"

"சொன்னாங்க. எல்லாரும் சொன்னாங்க. நான் கேக்கல."

"நீ கேக்கல. உன் பொண்ணு மட்டும் எப்டிக் கேக்கும்?"

சொல்லிவிட்டு அடுத்து வந்தவருக்கு முழம் போடப் போய்விட்டார். நான் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். மலை பக்கத்தில் இருந்தது, மயில் கத்தியது, எதுவும் மண்டையில் ஏறவில்லை. அந்தப் பதினாறாம் நாளில், நாத்தனார்களுக்கும் எனக்கும் நடுவே வந்து தட்டைத் தூக்கிக்கொண்டு போனவள் பதினெட்டு வயது பவித்ராதான். "எங்கம்மா என்ன கட்டணும்னு எங்கம்மா சொல்லட்டும்" என்று அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் சொன்னாள். குபேர லிங்கம் வரும் வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டேதான் நடந்தேன்.

9.20க்கு ஊருக்குள் வந்துவிட்டோம். குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதற்கு அப்புறம் நடந்ததை எழுதிவிட்டால் பஸ் டைம் எழுத எனக்குக் கை வராது. கூட்டம் பிடிக்காதவர்கள் பௌர்ணமியையும் அதற்கு முன்பின் நாட்களையும் தவிருங்கள், அந்த நாட்களில் அறை வாடகை இரண்டு மூன்று மடங்கு ஏறும். நடை நாலு மணி நேரம், வெயில் காலத்தில் ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் பாதம் கொப்பளிக்கும். தண்ணீர் பாட்டில் ஒன்று போதும், வழியெல்லாம் கடை. கழிவறைக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவில் ஏறும் முன் பேசுங்கள். வேலூருக்கு அரை மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது, மதியம் மூன்று மணி பஸ்ஸில் நிச்சயம் இடம் கிடைக்கும். எனக்கு இரண்டு நாளுக்குமாக ஆயிரத்து நானூறு ரூபாய் ஆயிற்று. ஒரு முக்கியமான விஷயம், ஆட்டோக்காரர் சொல்வதை நம்புங்கள்.

குளித்துவிட்டுப் பதினொன்றுக்கு அந்த வீட்டுக்குப் போனேன். சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, கீரை. நேற்றுப் போலவே இரண்டு பேருக்கும் கையால் எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன்.

"சரி. கூட்டிக்கிட்டுப் போங்க."

பவித்ராவின் கையிலிருந்த சொம்பு அப்படியே நின்றது. பெரியவர் அவசரப்படவில்லை. "ஊருக்குப் போய் யோசிச்சுச் சொல்லுங்க டீச்சர்."

"ஊருக்குப் போனா மனசு மாறிடும். இப்பவே வாங்கிக்குங்க."

"முழு மனசோடதானா?"

"முழு மனசுக்கு எங்க போவேன்? முக்கால் இருக்கு. கால் மனசு அழுதுக்கிட்டேதான் இருக்கும். அது பரவாயில்லனா எடுத்துக்குங்க."

அவர் பவித்ராவைப் பார்த்து ஏதோ சொன்னார். அவள் என்னிடம் திரும்பினாள்.

"அம்மா, காவி வாங்கினதுக்கு அப்புறம் நான் யார் கால்லயும் விழக் கூடாது. வீட்டுல இருக்கிறவங்க யார் கால்லயும். உன் கால்லயும். நீதான் என்னைக் கும்பிடணும்."

"நான் உன்னைக் கும்பிடணுமா?" பெற்ற பிள்ளையை!

"ஆமாம்மா. அதனால இப்பவே விழுந்துக்கிறேன். இதுதான் கடைசி."

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் விழுந்துவிட்டாள். அவளுடைய மழித்த தலை என் பாதத்தில் பட்டது. முளைத்து வந்த முடி முள் முள்ளாகக் குத்தியது. காலில் விழுந்த பெண்ணுக்கு எந்தத் தாயும் உடனே ஏதாவது சொல்வாள். என் வாயில் தீர்க்க சுமங்கலி என்று வந்தது, நிறுத்தினேன். பதினாறும் பெற்று என்று வந்தது, அதையும் நிறுத்தினேன். நல்ல இடத்தில் வாக்கப்பட்டு என்று வந்தது. எனக்குத் தெரிந்த ஆசீர்வாதங்களில் ஒன்றுகூட இவளுக்கு ஆகாது. இவள் இனிமேல் பசித்தால் அடுப்படிக்குப் போய்த் தட்டில் போட்டுக்கொள்ள முடியாது. யாராவது பார்த்து, மனது வைத்து, கையில் கொடுக்க வேண்டும்.

குனிந்து அந்தத் தலையில் இரண்டு கையையும் வைத்தேன்.

"எந்த ஊருக்குப் போனாலும், வேளா வேளைக்கு உனக்கு ஒருத்தி சோறு போடட்டும்" என்றேன்.